பிரேக் பேட் லொடலொடக்கிறதா? டிராக்கில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கான கேள்வி பதில்கள்

ரேஸ் டிராக்கில் ஓடிவிட்டுச் சாதாரணச் சாலைக்குத் திரும்பும் கார்களில், முன் சக்கரத்துப் பக்கமிருந்து தகரடப்பாவில் கூழாங்கல் போட்டு ஆட்டியதுபோல ஒரு சத்தம் வரும். அதை வைத்துக்கொண்டு பிரேக் பேடை மாற்றுபவர்கள், கிரீஸ் பூசுபவர்கள், பேடைத் தாங்கி டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரையே மாற்றுபவர்கள் எனப் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவசரம்தான் காரணம். சத்தம் எப்போது வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது நிற்கிறது என்று கேட்பவர் குறைவு. நோயைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான்.

மெதுவாகப் போகும்போது மேடுபள்ளத்தில் லொடலொடவென்று சத்தம். பிரேக்கை இலேசாகத் தொட்டதும் நின்றுவிடுகிறது. என்ன அது?

பேட் காலிப்பருக்குள் ஆடுகிறது. பிரேக் பிடிக்காதபோது பேடைப் பிஸ்டனும் அழுத்துவதில்லை, டிஸ்க்கும் பிடிப்பதில்லை. அதைத் தாங்குவது ஒரு பின் (பேடின் துளை வழியே போகும் கம்பி), ஒரு ஸ்பிரிங் தகடு, இரண்டு பக்கமும் உள்ள முட்டுச்சுவர்கள் அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பேடின் இரும்புப் பின்தகடு பின்னிலும் சுவரிலும் மோதும். பெடலைத் தொட்டவுடன் பிஸ்டன் பேடை டிஸ்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது, ஆட இடமில்லை, சத்தம் போய்விடுகிறது.

இது ஆபத்தா? ஓட்டலாமா?

வெறும் லொடலொடப்பு என்றால் பிரேக் பிடிப்பதில் குறை இல்லை, ஓட்டலாம். ஆனால் ‘வெறும்’ என்று சொல்வதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பின்னைப் பூட்டும் சிறு கிளிப் விழுந்துபோன காரும், காலிப்பர் போல்ட் தளர்ந்த காரும் தொடக்கத்தில் இதே சத்தத்தைத்தான் எழுப்பும். காருக்குள் உட்கார்ந்து காதால் கேட்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது.

பேட் துளியும் ஆடாமல் இறுக்கமாக இருப்பதுதானே நல்லது?

இல்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பேட் சுதந்திரமாக நகர வேண்டும். டிஸ்க்கை நோக்கிப் போகவும் வேண்டும், பிரேக்கை விட்டதும் சற்றுப் பின்வாங்கவும் வேண்டும். போதாததற்கு வெப்பம் வேறு. 130 மி.மீ. நீளமுள்ள இரும்புப் பின்தகடு 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 0.47 மி.மீ. நீளும். அலுமினியக் காலிப்பர் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்றாலும், அது அவ்வளவு சூடாவதில்லை. 100 டிகிரி ஏறினால் அதே நீளத்தில் 0.3 மி.மீ. விரியும். கழித்துப் பாருங்கள்: குளிர்ந்த நிலையில் இருந்த இடைவெளியில் 0.17 மி.மீ. அளவு காணாமல் போயிருக்கும். பிரேக் தூசியும் துருவும் அதில் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

குளிர்ந்திருக்கும்போது கச்சிதமாக உட்காரும் பேட், ஐந்தாவது சுற்றில் இறுகி மாட்டிக்கொள்வது இப்படித்தான். மாட்டிய பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், வெப்பம் மேலும் ஏறும், பிரேக் ஆயில் கொதிக்கும். லொடலொடக்கும் பேட் எரிச்சல் தரும்; மாட்டிக்கொண்ட பேட் காரைச் சுவருக்குக் கொண்டுபோகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எரிச்சலைத்தான் எடுப்பேன்.

கம்பெனி பேடுடன் சத்தமே இல்லை. ரேஸ் பேட் போட்ட நாள் முதல் இந்தத் தொல்லை. பேட் மட்டமானதா?

மட்டமானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாலைக்கான பேட்களின் முதுகில் ரப்பரும் இரும்பும் அடுக்கிய ஷிம் ஒட்டியிருக்கும், பல கார்களில் பிஸ்டனுக்குள் செருகும் கிளிப்பும் இருக்கும். சத்தத்தை அடக்குவதற்கென்றே வைத்தவை அவை. ரேஸ் பேடில் அவற்றை வைப்பதில்லை. அந்த வெப்பத்தில் ரப்பரும் பசையும் கருகிப்போகும். பின்தகட்டையும் வெப்பத்தில் விரிய இடம் விட்டுச் சற்றுச் சிறிதாக வெட்டியிருக்கலாம்.

ஆனால் ஒரே பேட் வடிவம் பல காலிப்பர்களுக்குப் பொருந்தும் என்று விற்கப்படுவதும் உண்டு. பழைய பேடையும் புதிய பேடையும் முதுகோடு முதுகாக வைத்து, வெர்னியரால் நீளம், உயரம், பின் துளையின் விட்டம் மூன்றையும் அளந்து பாருங்கள். பின் துளை முட்டை வடிவத்தில் பெரிதாக இருந்தால், அல்லது பின்தகட்டின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தால், உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

பின்னோக்கி எடுத்துவிட்டு முன்னே போய்ப் பிரேக் பிடித்தால் ஒரே ஒரு ‘டக்’. அதன்பின் ஒன்றுமில்லை.

பேட் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவும் சத்தம் அது. கார் முன்னே போகும்போது டிஸ்க் பேடை ஒரு பக்கம் இழுத்துச் செல்லும், பின்னே போனால் மறுபக்கம். திசை மாறியபின் பிடிக்கும் முதல் பிரேக்கில் மட்டும் ஒரு முறை வந்தால் அது இடைவெளியின் சத்தம்தான், கண்டுகொள்ள வேண்டாம். திசை மாறாமலேயே ஒவ்வொரு பிரேக்குக்கும் ‘டக்’ என்றால் விஷயம் வேறு. அங்கே காலிப்பர் போல்ட், சஸ்பென்ஷன் கையின் புஷ், பால் ஜாயின்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கீச்சென்று கத்துவதும் தளர்ந்த பேடின் வேலையா?

பெரும்பாலும் இல்லை. கீச்சொலி என்பது பேடும் டிஸ்க்கும் சேர்ந்து நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்வது. அது பிரேக் பிடிக்கும்போது வரும், லொடலொடப்பு பிரேக் பிடித்தால் போகும். நேர் எதிர். ரேஸ் பேட் குளிர்ந்த நிலையில் கத்துவது அதன் பிறவிக் குணம். சூடேறினால் பெரும்பாலும் அடங்கும். தேய்மான எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டாலும் கீச்சிடும், ஆகையால் லைனிங்கின் (பேடில் டிஸ்க்கை உரசும் பகுதி) தடிமனைப் பார்க்காமல் ‘ரேஸ் பேட் அப்படித்தான்’ என்று விட்டுவிட வேண்டாம்.

பிரேக் பிடித்தாலும் விட்டாலும் நிற்காத கிறீச்சொலிக்கு இன்னொரு காரணம் உண்டு. டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தூசிக் காப்புத் தகட்டுக்கும் இடையே சிக்கிய ஒரு சிறு கல். தடத்தை விட்டு மண்ணில் இறங்கி ஏறிய காருக்கு முதல் சந்தேகம் இதுதான். கலவரப்படுத்தும் சத்தமாக இருக்கும். விரலால் தகட்டைச் சற்று வளைத்தால் கல் தானே கீழே விழும்.

எங்கிருந்து தொடங்கிச் சோதிப்பது?

காரைக் கழற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பதில் தொடங்குங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, நீளமான சுவர் ஒன்றை ஒட்டி மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் கரடுமுரடான தரையில் செல்லுங்கள். சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்க, இடது காலால் பிரேக்கை மிக மெல்லத் தொடுங்கள். வேகம் குறையக் கூடாது, பேட் டிஸ்க்கை முத்தமிட்டால் போதும். சத்தம் நின்றால் பேட் அல்லது காலிப்பர். நிற்காவிட்டால் வேறெங்கோ. கைப்பிரேக் பின்பக்கப் பேடிலேயே வேலை செய்யும் காராக இருந்து, அது கேபிள் வகையாகவும் இருந்தால், அதை ஓரிரு பல் இழுத்துப் பின்சக்கரத்தைத் தனியே சோதிக்கலாம். சில கார்களில் கைப்பிரேக்குக்கென டிஸ்க்கின் நடுவே தனி டிரம் இருக்கும். அங்கே இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். கழற்றும்போதே வீல் நட்டுகளின் இறுக்கத்தைக் கவனியுங்கள். டிராக்கில் சூடேறிக் குளிர்ந்த சக்கரத்தில் நட் தளர்வது அரிதல்ல; அதுதான் காரணம் என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் வையுங்கள்.

காலிப்பர் ஆறியபின் உள்பேடு, வெளிப்பேடு ஒவ்வொன்றையும் விரல்களால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சாலையில் கேட்ட அதே சத்தம் கையில் கேட்டால் பாதி வேலை முடிந்தது. மேலும் கீழும் ஆடினால் ஸ்பிரிங்கும் பின்னும் குற்றவாளிகள். முன்னும் பின்னும் ஆடினால் சுவருக்கும் பின்தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி. அதை ஃபீலர் கேஜால் அளந்து, நான்கு சக்கரங்களுக்கும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பது காலிப்பருக்குக் காலிப்பர் மாறும், ஆனால் இடப்பக்கம் ஒரு கணக்கும் வலப்பக்கம் அதன் இரண்டு மடங்கும் வந்தால் அது பேசும்.

அடுத்து பேடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்தகட்டின் ஓரத்தில் பெயின்ட் போய், நகத்தின் அகலத்துக்குக் கண்ணாடிபோல் மின்னும் ஒரு பட்டை தெரியும். அங்கேதான் அது சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பட்டைக்கு நேரே காலிப்பரின் சுவரைத் தடவிப் பாருங்கள். இரும்பு அடிக்க அடிக்க அலுமினியம் குழியும். விரல் நுனியில் ஒரு சிறு படி தட்டுப்படும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரிந்துவிடும். சுவரில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு பதித்த காலிப்பர் என்றால் அந்தத் தகட்டை மட்டும் மாற்றலாம். பின்னையும் உருட்டிப் பாருங்கள், வளைந்திருக்கிறதா, பேட் தொங்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று.

தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள். அந்தத் தூசி மூச்சில் போக வேண்டிய பொருளல்ல.

ஸ்பிரிங் தகடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

நிறத்தைப் பாருங்கள். சாதாரண எஃகு 220, 230 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சளாகும், 300 டிகிரியை ஒட்டி நீலமாகும். நீலம் பாய்ந்த ஸ்பிரிங் தன் விறைப்பை இழந்திருக்க வாய்ப்பு அதிகம். துருப்பிடிக்காத எஃகு நிறம் மாற இன்னும் கூடுதல் சூடு வேண்டும் என்பதால், அதில் நிறம் மாறாமலும் விறைப்பு போயிருக்கலாம். சந்தேகமிருந்தால் புதியதை அருகில் வைத்து வளைவை ஒப்பிடுங்கள். பழையது தட்டையாகப் படுத்திருக்கும். மாட்டும்போது கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருந்ததா, இல்லை தானாகவே உள்ளே போய்விட்டதா? தானாகப் போனால் அதற்கு வேலை முடிந்தது.

சில ஸ்பிரிங் தகடுகளில் டிஸ்க் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டியதால் ஆடிய பேட்களும் உண்டு.

பேட் வாங்கும்போதெல்லாம் ஸ்பிரிங்கும் பின்னும் சேர்த்து வாங்குவது என் வழக்கம். ‘யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை’ வேண்டாமே.

ஸ்பிரிங்கை நானே வளைத்து விறைப்பாக்கலாமா?

ஒரு நாளுக்கு உதவும். வெப்பத்தில் உயிர்போன எஃகை எவ்வளவு வளைத்தாலும் அடுத்த ஓட்டத்தில் மீண்டும் படுத்துவிடும். அடிக்கடி வளைத்தால் உடையும், உடைந்த துண்டு போகும் இடம் நமக்குப் பிடித்த இடமாக இருக்காது.

கிரீஸ், பசை, ஷிம் ஏதாவது போட்டு அடக்க முடியாதா?

கீச்சொலியைத் தணிக்கப் பின்தகட்டின் முதுகில் உயர்வெப்பக் கிரீஸ் மெல்லிய படலமாகத் தடவுவது சாலைக் காருக்குச் சரி. டிராக்கில் அது காய்ந்து, தூசியைச் சேர்த்துக்கொண்டு களிம்பாகிவிடும். பேட் நகர வேண்டிய இடத்தில் பூசியிருந்தால் அதுவே பேடை மாட்டவைக்கும். லைனிங்கிலோ டிஸ்க்கிலோ ஒரு பொட்டு பட்டாலும் அந்தப் பேட் குப்பைக்கு. பெட்ரோலியக் கிரீஸை ரப்பர் பகுதிகள் பக்கமே கொண்டுபோக வேண்டாம், உப்பிப்போகும்.

பசை போட்டு ஒட்டும் ஷிம்மும் நிலைக்காது. பசை உருகி, ஷிம் ஓரமாக வழுக்கி வெளியே எட்டிப் பார்ப்பதை நானே என் காரில் பார்த்திருக்கிறேன். டைட்டேனியம் ஷிம் வேறு காரணத்துக்காகப் போடப்படுவது: பிஸ்டனுக்குப் போகும் வெப்பத்தைக் குறைக்க. அதற்கும் இடம் வேண்டும், புதிய பேடோடு சேர்த்தால் சில காலிப்பர்களில் டிஸ்க் நுழையாது.

தானே பக்கவாட்டில் சறுக்கும் மிதவைக் காலிப்பர் உள்ள கார். அங்கேயும் இதேதானா?

கொள்கை ஒன்றுதான், இடம் மட்டும் வேறு. பேடின் இரு காதுகளும் பிராக்கெட்டில் மெல்லிய எஃகு கிளிப்களின்மேல் உட்காரும். அந்தக் கிளிப் தேய்ந்தாலோ, அதன் அடியில் துரு ஏறி வாய் அகன்றாலோ பேட் ஆடும். கூடவே காலிப்பர் முழுவதும் இரண்டு வழிகாட்டிப் பின்களில் சறுக்குகிறது. காலிப்பரையே கையால் பிடித்து ஆட்டினால் ‘டொக் டொக்’ என்றால் பின்னோ அதன் துளையோ தேய்ந்திருக்கிறது. சில காலிப்பர்களில் இரண்டு பின்களில் ஒன்றுக்கு மட்டும் ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் சத்தத்தைத் தேடியவர்கள் உண்டு. இந்தப் பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ்தான் பொருத்தம்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். சத்தம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் பேடை விட்டுவிடுங்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முன் இடப்பக்கம் லொடலொடப்பு. புதிய ஸ்பிரிங், புதிய பின், கடைசியில் புதிய பேடும் போட்டேன். சத்தம் அசையவில்லை. பிரேக்கைத் தொட்டாலும் அது நிற்கவில்லை என்பது முதல் நாளே தெரியும். ஆனால் பேட்தான் என்று மனம் முடிவு செய்துவிட்டதால், ‘கொஞ்சம் குறைகிறதுபோல’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, காரின் அடியில் படுத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். அதன் பந்து மூட்டு கிலுகிலுப்பைபோல ஆடியது.

ஸ்டெபிலைசர் இணைப்பு, ஷாக் அப்சார்பரின் மேல்தாங்கி, பால் ஜாயின்ட், வீல் பேரிங் என்ற வரிசையில் பாருங்கள். தேய்மான சென்சாரைக் கழற்றிவிட்டுத் தொங்கவிட்ட வயர்கூடச் சக்கரத்துக்குள் கடகடக்கும். இரண்டு துண்டாலான மிதவை டிஸ்க் போட்டிருந்தால், நடுவிலுள்ள மணிவடிவப் பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையிலுள்ள பொத்தான்கள் மெல்லக் கிணுகிணுப்பது அதன் இயல்பு. பிரேக் தொட்டால் அதுவும் அடங்கும் என்பதால் பேடென்று ஏமாற்றும். டிஸ்க்கின் வளையத்தைத் தனியே பிடித்து அசைத்தால் தெரிந்துவிடும்.

நேர்ப்பாதை முடிவில் முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகப் போகிறது, இரண்டாவது மிதிக்குச் சரியாகிறது. பேட் ஆடுவதாலா?

பேட் சுவர்களுக்கு இடையே ஆடுவதால் அல்ல, பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுவதால். வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ, ஓரக் கட்டையில் ஏறி இறங்கும்போதோ ஹப் வளைந்து, டிஸ்க் சாய்ந்து, பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகும். வீல் பேரிங்கில் ஆட்டமோ டிஸ்க்கில் கோணலோ இருந்தால் இது மோசமாகும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கிப் பேரிங்கைப் பாருங்கள். ஓட்டுகிறவர்கள் செய்யும் தற்காப்பு, பிரேக் புள்ளிக்கு முன்பே இடது காலால் பெடலை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வது.

ஆனால் பெடல் பஞ்சுபோல் மெத்தென்று இருந்து, ஓட்டம் நீள நீள மோசமானால் அது கொதித்த பிரேக் ஆயில். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் உங்கள் உயிர்.

பேட் ஒரு முனையில் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது. இதுவும் சத்தத்துக்குக் காரணமா?

ஆகலாம். ஆப்புபோலத் தேய்ந்த பேட் சாய்ந்து உட்கார்ந்து ஒரு மூலையை மட்டும் சுவரில் இடிக்கும். நான்கு மூலைகளிலும் தடிமனை அளந்து எழுதுங்கள். பல பிஸ்டன்கள் உள்ள காலிப்பர்கள் பலவற்றில், சுழலும் டிஸ்க் நுழையும் முனையில் சிறிய பிஸ்டனும் வெளியேறும் முனையில் பெரியதும் இருக்கும். இந்தச் சாய்வுத் தேய்மானத்தைத் தடுக்கத்தான். காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டினால் அந்தக் கணக்குத் தலைகீழாகும். காற்று எடுக்கும் நிப்பிள் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். கீழே இருந்தால் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

நறநறவென்று அரைக்கிறது.

நிறுத்துங்கள். லைனிங் தீர்ந்து இரும்பு இரும்பை அரைக்கிறது, அல்லது லைனிங் பின்தகட்டிலிருந்து பெயர்ந்திருக்கிறது. இதற்குச் சோதனை ஓட்டம் எல்லாம் இல்லை.

ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே என்ன பார்க்க வேண்டும்?

சூட்டோடு கைப்பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். காரை மெல்ல ஒரு சுற்று ஓட்டி ஆறவிட்டு வாருங்கள். வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் டார்ச் அடித்தால் மூன்று விஷயங்கள் தெரியும்: பின்னின் கிளிப் இருக்கிறதா, லைனிங் எவ்வளவு மீதம், டிஸ்க்கில் வெடிப்பு ஓரம்வரை வந்துவிட்டதா. மயிரிழை வெடிப்புகள் மேற்பரப்பில் இருப்பது சகஜம். ஓரத்தைத் தொட்டுவிட்டால் டிஸ்க் வீட்டுக்குப் போகக்கூடத் தகாது.

லைனிங் பாதிக்குக் கீழே வந்த பேடை நான் டிராக்குக்கு எடுத்துச் செல்வதில்லை. மெலிந்த லைனிங் வெப்பத்தைத் தடுக்காது, நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் அனுப்பும். அந்தப் பேடைச் சாலையில் தேய்த்து முடிக்கலாமே என்றால், குளிர்ந்த ரேஸ் பேட் முதல் மிதிக்குச் சரியாகப் பிடிக்காது என்பதை மறந்துவிட வேண்டாம்.

சாலைக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என இரண்டு ஜோடி பேட் வைத்து மாற்றிக்கொள்கிறேன். சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ஸ்பிரிங்கும் பின்னும் கொஞ்சம் தேய்கின்றன. ஒவ்வொரு பேடும் டிஸ்க்கில் தன் லைனிங்கின் மெல்லிய படலம் ஒன்றை ஏற்றிவைக்கும். வேறு கலவைப் பேட் வந்தால் பழைய படலத்தை அரைத்தெடுக்கும்வரை உறுமும், சில நேரம் பெடல் நடுங்கும். மாற்றியபின் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை, முழுவதுமாக நிற்காமல், எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஆறவிடுங்கள். பேட் செய்தவர்கள் வேறு முறை சொல்லியிருந்தால் அதன்படி.

பேட்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றின் முதுகிலும் சக்கரம், உள்பக்கம் அல்லது வெளிப்பக்கம், தேதி ஆகியவற்றை எண்ணெய் மார்க்கரால் எழுதிவிடுங்கள். எழுத்து வெப்பத்தில் கருகிவிடும் என்பதால் நான் ஒரு புகைப்படமும் எடுத்துவைக்கிறேன். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு பேடும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும்.